கடல் தாண்டும் முன் கணக்குப் பாருங்கள்

விருதுநகர் மாவட்டத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கையேடு

30,000 ரூபாய். வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் தெரிய வேண்டிய எண் இதுதான். மத்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர் ஒருவர், ஓர் ஆளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதற்குச் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சத் தொகை அவ்வளவுதான். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,400 ரூபாய் சேர்ந்தால் 35,400. அதற்கும் ரசீது கொடுத்தாக வேண்டும்.

சாத்தூர், திருத்தங்கல், வெம்பக்கோட்டைப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்துப் பாருங்கள். லட்சத்துக்குக் குறைந்து யாரும் தொகை சொல்வதில்லை. "தம்பி, விசா ரெடி. நாலு சீட்டுதான் இருக்கு. நாளைக்குள்ள ஒன்றரை கட்டிட்டா அடுத்த வாரம் ஃப்ளைட்" என்ற பேச்சுக்கு வீட்டிலிருக்கும் நகை அடகுக்குப் போகிறது. மீதி, வட்டிக்கு.

ஒரு நிமிடம் கணக்குப் போடுவோம். ஒன்றரை லட்சம் ரூபாய் மூணு வட்டிக்கு என்றால் மாதம் 4,500 ரூபாய். துபாயில் உதவியாளர் வேலைக்கு 1,000 திர்ஹாம் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பணத்தில் சுமார் 23,000. சாப்பாட்டுக்கும் போனுக்கும் 300 திர்ஹாம் போனால் கையில் நிற்பது 16,000 சொச்சம். அதில் வட்டி போக மிஞ்சுவது பதினோராயிரத்துச் சில்லறை. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் அந்தக் கடனுக்கே உழைக்க வேண்டியிருக்கும். நாடு, நகரம், விசா எல்லாவற்றையும் பற்றிப் பேசும் முன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு இது.

ஏன் கிளம்புகிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தது. சரவெடிதான் இந்தப் பகுதியில் ஏராளமான கைகளுக்கு வேலை கொடுத்த ரகம். மழை பெய்தால் மருந்து காயாது, தீபாவளி முடிந்தால் ஆலை சில வாரம் திறக்காது என்பதெல்லாம் முன்பே இருந்த கஷ்டங்கள். அவற்றோடு இதுவும் சேர்ந்தது. 2012-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்துக்குப் பிறகு, "என் பிள்ளை மருந்து அறைக்குப் போகக் கூடாது" என்று உறுதியாக நிற்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. ஆனால், ஓர் ஆபத்திலிருந்து தப்பிக்கும் அவசரத்தில் இன்னோர் ஆபத்தில் போய் விழக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முகவர் யார்?

முகவர் உங்கள் சித்தப்பாவுக்குத் தெரிந்தவரா, கோயில் கொடையில் மைக் செட்டுக்குப் பணம் கொடுத்தவரா என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு எண் இருக்கிறதா? 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. பெயரைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊருக்குள் சுற்றும் உப முகவர்கள்தான் பெரும்பாலும் சிக்கலின் ஆரம்பம். பணத்தை உப முகவரின் கூகுள் பே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி ரசீது வாங்குங்கள்.

தமிழக அரசே இந்த வேலையைச் செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. நர்ஸ், டிரைவர், வெல்டர், வீட்டு வேலை எனப் பல பணிகளுக்கு அதன் மூலம் ஆள் எடுக்கிறார்கள். பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு வழங்கப்படுவது 'இ.சி.ஆர்.' வகை பாஸ்போர்ட். அதை வைத்திருக்கும் பெண்கள், 30 வயது நிறைந்திருந்தால்தான் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக முடியும். அதுவும் இதுபோன்ற அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே. "வயசைக் கூட்டிப் போட்டுக்கலாம், விசிட் விசாவுல போயிரலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அப்படிப் போனவர், அங்கே அடித்தாலும் சம்பளம் தராவிட்டாலும் நம் தூதரகத்தின் பதிவேட்டில் தொழிலாளியாக இருக்க மாட்டார்.

விசிட் விசா ஆண்களுக்கும் அதே பொறிதான். இ.சி.ஆர். பிரிவில் முறையாக வேலை விசாவில் போகிறவருக்குப் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். விசிட் விசாவில் போகிறவருக்கு இந்த வாசல் அடைபட்டுவிடுகிறது.

டிப்ளமோவும் இன்ஜினீயரிங்கும் முடித்த பிள்ளைகளுக்கு வேறொரு வலை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கொடுமை 2022-ல் வெளியே வந்தது. தமிழ் இளைஞர்களும் அங்கிருந்து மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். கம்போடியாவிலும் இதே கதை நடந்தது. இன்டர்வியூ வாட்ஸ்அப்பில் முடிந்தது, சம்பளம் நம்ப முடியாத அளவுக்கு இருக்கிறது, டிக்கெட்டை அவர்களே போட்டுவிட்டார்கள், விசா மட்டும் சுற்றுலா விசா என்றால், அது வேலையே இல்லை.

பெயரில் ஒரு புள்ளி

நம்மூரில் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மா. முருகன்', ஆதாரில் 'முருகன் மா', பாஸ்போர்ட்டில் வெறும் 'முருகன்' என்று இருக்கும் வீடுகள் எத்தனையோ. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது. வடக்கே குடும்பப் பெயர் வழக்கம் இருக்கிறது. தமிழர்களுக்குத்தான் இது பெரிய தலைவலி. ஆகவே, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிரப்பிவிடுங்கள். எல்லாச் சான்றிதழிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கு மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம்தான். திருத்தம் எதுவானாலும் விசா வருவதற்கு முன் முடித்துவிடுவது நல்லது. விசா வந்த பிறகு பெயரை மாற்றினால் விசாவும் போச்சு.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. வளைகுடா நாடுகளுக்கு 'வாஃபித்' முறையில் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் எடுக்க வேண்டும். அங்கே 'அன்ஃபிட்' என்று ஒருமுறை பதிவானால், வளைகுடா நாடுகள் எல்லாவற்றிலும் அது தெரியும். தீப்பெட்டி ஆலைத் தூசியிலும் பட்டாசு மருந்திலும் பல வருடம் இருந்தவர்களின் நெஞ்சுக்கு இது சோதனையான கட்டம். பழைய காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே நிராகரிக்கப்படுகிறவர்கள் உண்டு. ஆகவே முகவருக்குப் பணம் கட்டும் முன், அரசு மருத்துவமனையில் நீங்களே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வரிசையில் ஒரு நாள் நிற்பதோடு போகும்.

ஒப்பந்தத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இது பேச்சுக்குச் சொல்வதல்ல, உங்கள் உரிமை. அமீரகத்தில் மனிதவள அமைச்சகத்தின் வேலைக் கடிதத்தை அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் பெற முடியும். சிங்கப்பூரில் முதலாளி, தொழிலாளி கிளம்பும் முன்பே அவருடைய தாய்மொழியில் 'ஐ.பி.ஏ.' என்ற முன் ஒப்புதல் கடிதத்தை அனுப்பியாக வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். வாய்ச்சொல்லில் 'எண்ணூறு வெள்ளி' என்று சொல்லிவிட்டுக் கடிதத்தில் 'ஐந்நூறு' என்று இருந்தால், ஊரிலிருக்கும்போதே கேட்கலாம். விமானம் ஏறிய பிறகு கேட்பதற்கு விலை அதிகம்.

கல்கத்தாவுக்குப் போன இருவர்

இந்த ஊருக்கு வெளியூர்ப் பயணம் புதிதல்ல. சிவகாசி சிவகாசியானதே ஒரு பயணத்தால்தான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். உறவினர்கள். மொழி தெரியாத நகரம். அங்கே தீப்பெட்டித் தொழிலை மாதக்கணக்கில் இருந்து கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை குறைந்த, காற்றில் ஈரம் இல்லாத இந்தக் கந்தக பூமியில் தீப்பெட்டி ஒட்டியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதற்காக அச்சகம் வந்தது. வண்ணத் தீக்குச்சியிலிருந்து மத்தாப்பும் பட்டாசும் வந்தன. இன்று நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியையும் காலண்டர், டைரிகளில் பெரும்பங்கையும் இந்த ஒரு வட்டாரமே தருகிறது.

அந்த இருவரின் பயணத்தில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று. எதைக் கற்கப் போகிறோம் என்பது போகும்போதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று கிளம்பும் பலரிடம், "என்ன வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டால், "கம்பெனி வேலை" என்றுதான் பதில் வருகிறது. ஹெல்பர் விசாவில் போகிறவர் ஹெல்பராகவே திரும்புகிறார். சிவகாசியில் நான்கு வண்ண ஆஃப்செட் மெஷின் ஓட்டத் தெரிந்தவர், பைண்டிங், டை கட்டிங் தெரிந்தவர், ஏன் ஹெல்பர் விசாவில் போக வேண்டும்? அச்சகத்தில் அனுபவக் கடிதம் வாங்கும்போது, 'இவர் எங்களிடம் வேலை பார்த்தார்' என்று ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள். எந்த மெஷின், எத்தனை வண்ணம், எத்தனை வருடம், தனியாக ஓட்டுவாரா என்று எழுதி வாங்குங்கள். வெல்டிங், எலக்ட்ரீஷியன் என்றால் ஐ.டி.ஐ. சான்றிதழ் போகும்போதே கையில் இருக்கட்டும். சம்பளத்தில் தெரியும் வித்தியாசம் அந்த ஒரு தாளில் இருக்கிறது.

பெட்டியில் எதை வைக்கக்கூடாது

சிவகாசிக்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. பொட்டு வெடி, கம்பி மத்தாப்பு, பிறந்தநாள் கேக்கில் வைக்கும் தீப்பொறி மெழுகுவத்தி எதையும் விமானத்தில் கொண்டு போக முடியாது. கைப்பையிலும் கூடாது, உள்ளே போடும் பெட்டியிலும் கூடாது. ரயிலிலும் அதே கதைதான். பொதிகை எக்ஸ்பிரஸில் மடியில் பட்டாசு டப்பாவோடு சென்னை போகிறவர்களைப் பார்க்கிறோம். ரயில்வே சட்டப்படி அதற்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. பட்டாசு ஆலைக்குத் தினமும் எடுத்துப்போன பையையோ, அங்கே போட்ட சட்டையையோ பயணத்துக்கு எடுக்காதீர்கள். விமான நிலையத்தில் ஒரு சிறு துணித் துண்டால் பையையும் கையையும் துடைத்து, வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி இருக்கிறது. பையின் தையலில் வெடியுப்பு ஒளிந்திருக்கலாம். குற்றம் செய்யாதவர் பாதுகாப்பு அதிகாரிகளிடம் மணிக்கணக்கில் விளக்கம் சொல்லி, விமானத்தைத் தவறவிடும் நிலை வரலாம். புதிய பை ஒன்று வாங்குங்கள். நகத்தடியில் தங்கும் அலுமினியத் தூளையும் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

சமையல் சாமானில் கசகசா கூடாது. நம் வீட்டுக் குருமாவில் அது சாதாரணம். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். வெற்றிலையை அமீரகத்துக்கும், வாயில் அடக்கும் புகையிலையைச் சிங்கப்பூருக்கும் கொண்டு போகக் கூடாது. இருமல் மருந்து, வலி மாத்திரை என்றால் டாக்டர் சீட்டு வேண்டும். சில மருந்துகளுக்கு அந்த நாட்டின் முன் அனுமதியும் வேண்டும். சாத்தூர்ச் சேவு எங்கே வேண்டுமானாலும் தாராளமாக வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அப்படியல்ல. பால் பொருள் என்பதால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் படிக்கப் போகும் பிள்ளைக்கு ஒரு கிலோ பால்கோவா கட்டிக் கொடுக்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் மறக்கக்கூடாத ஒன்று, அங்கே 1972-லேயே பட்டாசு தடை செய்யப்பட்டுவிட்டது. சிராங்கூன் சாலையில் தீபாவளிக்கு விளக்கு அலங்காரம் பார்க்கலாம், வெடிச் சத்தம் கேட்காது. இங்கிருந்து பார்சலில் அனுப்பச் சொல்லி யாரும் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

முதல் மாதம்

"எங்க ஊரு வெயிலைப் பார்த்தவனுக்கு துபாய் வெயில் என்ன செய்யும்?" என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் ஆகஸ்டிலேயே தடுமாறுகிறார்கள். நம்முடையது வறண்ட வெயில். வேர்த்தால் காயும், காய்ந்தால் உடம்பு குளிரும். கடலோரத் துபாயில் காற்று முழுக்க ஈரம். வேர்வை சட்டையிலேயே நிற்கும், உடம்புச் சூடு இறங்காது. மயக்கம் வருவது தெரியாமல் வரும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்பது அமீரகச் சட்டம். அந்த நேரத்தில் வேலை செய்யச் சொன்னால் மறுக்கலாம். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள்.

வெயிலைவிடக் குடும்பத்தை அதிகம் உலுக்குவது சம்பள நாள். இங்கே சனிக்கிழமைச் சம்பளம். தீபாவளிக்கு முன்பணம். கடையில் கடன் சொன்னாலும் வாரக் கணக்கில் தீரும். அங்கே மாதச் சம்பளம். சேர்ந்த முதல் மாதத்துச் சம்பளம் கைக்கு வரவே நாற்பது, நாற்பத்தைந்து நாள் ஆகிவிடலாம். அதற்குள் வீட்டில் ஆறு சனிக்கிழமை கடந்துவிடும். "போயி ஒரு மாசம் ஆச்சு, இன்னும் பணம் வரல" என்ற பேச்சு கணவன் மனைவிக்குள் சண்டையாகி, ஆள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்த குடும்பங்கள் உண்டு. இரண்டு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து மனைவி கையிலோ அம்மா கையிலோ கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு வழியில்லை என்றால் பயணத்தையே இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள்.

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது வளைகுடாவில் பழைய வழக்கம். சட்டப்படி அது தவறு. ஒருவேளை கொடுக்க நேர்ந்தாலும், பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கொடுங்கள். ஊரில் ஒரு கோப்பு இருக்கட்டும். அதில் நிறுவனத்தின் முழுப் பெயர், முகவரி, உடன் தங்கியிருப்பவர் இருவரின் எண்கள், காப்பீட்டுச் சான்று எல்லாம் இருக்க வேண்டும். ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், "துபாய்ல ஒரு கம்பெனி" என்று மட்டும் சொல்லத் தெரிந்த குடும்பத்துக்கு எந்த அதிகாரியாலும் விரைவாக உதவ முடியாது. கோப்பு இருக்கும் வீடு, அயலகத் தமிழர் நலத்துறையின் 1800 309 3793 என்ற இலவச எண்ணில் பேசிய அன்றே காரியம் நகரும். அயலகத் தமிழர் நல வாரியத்தில் கிளம்பும் முன்பே உறுப்பினராகப் பதிந்துவிடுவது நல்லது.

போகிற ஊரில் ஒரு பேட்டை

மாட்டு வண்டிக் காலத்தில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை வணிகர்கள் சரக்கோடு ஊர் ஊராகப் போனார்கள். வழியில் கள்ளர் பயம், தெரியாத ஊர், இரவில் தங்க இடமில்லை. அதற்காக வழியெங்கும் பேட்டை கட்டினார்கள். வண்டியும் மாடும் சரக்கும் ஆளும் பத்திரமாகத் தங்கச் சுவர் எழுப்பிய இடம். அதை நடத்த, வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கினார்கள். பிறகு அந்த மகமைதான் பள்ளிக்கூடங்களையும் நடத்தியது.

வெளிநாட்டில் உங்களுக்கான பேட்டையை முதல் மாதத்திலேயே தேடிக்கொள்ளுங்கள். வேலை செய்யும் நிறுவனத்துக்கு வெளியே உங்களை முகம் தெரிந்த மனிதர் இரண்டு பேராவது இருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போனால் பாதித் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். அங்கேயே, வேலை இழந்த, காயம்பட்ட தொழிலாளர்களுக்கு 2008-லிருந்து இலவசச் சாப்பாடு போட்டு, சட்ட உதவிக்கு வழிகாட்டும் 'டி.டபிள்யூ.சி.2' என்ற தன்னார்வ அமைப்பு இருக்கிறது. சம்பளம் மூன்று மாதம் நின்ற பிறகு அதைத் தேடாதீர்கள், முன்பே தெரிந்து வையுங்கள். 2013-ல் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்தப் பகுதியில் பொது இடத்தில் மது குடிக்கக் கட்டுப்பாடு கடுமை. ஒரு பீர் பாட்டிலால் வேலை அனுமதியே பறிபோகலாம். வளைகுடாவில் ஒவ்வொரு இந்தியத் தூதரகமும் தொழிலாளர் குறை கேட்பு நாள் நடத்துகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் போனிலிருந்தே புகார் பதியலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்தால், ஊரிலிருந்து வீட்டாரும் தொடரலாம்.

பணத்தை உண்டியல்காரரிடம் கொடுக்காதீர்கள். சில காசு கூடக் கிடைக்கும் என்பது உண்மை. பிடிபட்டால் போகும் பணத்துக்குக் கணக்கு கேட்க ஆளில்லை என்பதும் உண்மை. வேலையில் சேர்ந்ததும் நம் நாட்டு வங்கியில் என்.ஆர்.இ. கணக்குத் தொடங்குங்கள். அங்கே எக்ஸ்சேஞ்ச் கடை வழியாக அனுப்புங்கள். வீடு கட்ட, நகை மீட்க என்று எந்தக் கணக்கு கேட்டாலும் அந்த ரசீது பேசும்.

கடைசியாக, திரும்பி வரும்போது. அமீரகத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். வேலை முடிந்த 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியையும் கொடுத்தாக வேண்டும். "ஊருக்குப் போங்க, அனுப்பி வைக்கிறோம்" என்ற பேச்சை நம்பி விமானம் ஏறிவிடாதீர்கள். பணமும் விசா ரத்துத் தாளும் அனுபவச் சான்றிதழும் கைக்கு வந்த பிறகு மதுரைக்கு டிக்கெட் போடுங்கள். சான்றிதழில் எந்த மெஷினை எத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.